உழைப்புச் சான்றும் உழைக்கும் இடமும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் 'உழைப்பு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. உடலை வருத்திச் செய்யும் வேலையும் உழைப்பு. அவ்வேலையாற் கைக்கு வந்து சேரும் வருமானமும் உழைப்பு. "அவர் நல்லாய் உழைக்கிறார்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவர் வியர்வை சிந்துகிறார் என்பதைக் காட்டிலும் நிறையச் சம்பாதிக்கிறார் என்பதே பெரும்பாலும் கருத்தாகும். மொழி பயின்றவன் என்ற முறையில் இவ்விரட்டைப் பொருளை நான் பலகாலும் எண்ணிப் பார்த்ததுண்டு. பாடுபட்டவன் எவனோ அவனே பயன்பெறுவான் என்ற எதிர்பார்ப்பு இச்சொல்லினுள் உறைந்து கிடப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதித்து நீரிறைத்த என் பாட்டனாரின் தலைமுறையில், காணிக்காரனுக்கும் கடன்காரனுக்கும் தரகனுக்கும் போக எஞ்சியது எவ்வளவு என்பது வேறு கதை. நடைமுறை பொய்த்தபோதும் சொல் தன் கோரிக்கையைக் கைவிடவில்லை.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பிற் கலைச்சொல்லாக்கம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிட்கொயின் முதலிய கிரிப்டோ நாணயங்களின் அடிப்படையாயுள்ள ஒரு முறைக்கு வழங்கும் ஆங்கிலத் தொடரை 'உழைப்புச் சான்று' எனத் தமிழாக்கலாம் என்று கூறினேன். மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், உழைப்புச் சான்று எண்டால் அங்கை ஆர் உழைக்கினம்? எங்கை இருந்து உழைக்கினம்?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. 'உழைத்தல்' என்பதன் இரு பொருளும் ஒருங்கே தொனித்தமையே சிரிப்புக்குக் காரணம். ஆனால் அக்கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. வேலை எங்கே நடைபெறுகிறது, வருமானம் எங்கே போய்ச் சேர்கிறது என்ற இரண்டையும் ஒரே சொல்லில் அவள் கேட்டுவிட்டாள். தொழிலின்மையால் நாட்டைவிட்டுப் போகத் துடிக்கும் இளைஞரிடம், வீட்டிலிருந்தபடியே, நித்திரை கொள்ளும்போதும் 'உழைக்கலாம்' என்று ஆசை காட்டும் குரல்கள் பெருகியுள்ள காலம் இது. ஆதலின் இக்கேள்விக்கு விடை தேடுவது ஆசிரியனாகிய என் கடமையுமாயிற்று.

இம்முறை நாணயத்துக்காகத் தோன்றியதன்று. வேண்டாத மின்னஞ்சல்கள் வந்து குவிவதைத் தடுப்பதற்காக, 1992 ஆம் ஆண்டில் சிந்தியா டுவோர்க், மோனி நவோர் என்னும் கணினி அறிஞர் இருவர் ஒரு வழியை முன்வைத்தனர். கடிதம் அனுப்புபவரின் கணினி முதலிற் சிறிய கணக்கொன்றைச் செய்து காட்டவேண்டும் என்பதே அவ்வழி. ஒரு கடிதம் அனுப்புவோனுக்கு அது சுமையன்று. இலட்சக்கணக்கில் அனுப்புவோனுக்குப் பெருஞ்சுமை. 2008 இல் சத்தோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் வெளிவந்த கட்டுரையொன்று இவ்வெண்ணத்தை நாணயத்துக்குப் பொருத்திற்று. 2009 ஜனவரி 3 ஆம் திகதி பிட்கொயினின் முதலாவது தொகுதி உருவாயிற்று.

பிட்கொயின் என்பது அடிப்படையில் ஒரு பேரேடு. கடைக்காரரின் பேரேட்டைப் போலவே யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது அதில் எழுதப்படும். வங்கியோ அரசோ அதனைக் காப்பதில்லை. உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பேரேட்டின் பிரதிகளை வைத்திருக்கின்றன. அப்படியாயின் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு? அதனைத் தீர்மானிப்பதே உழைப்புச் சான்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் 80 பைற் அளவேயான தலைக்குறிப்பொன்று உண்டு. முந்திய பக்கத்தின் அடையாளம், இப்பக்கத்திலுள்ள கணக்குகளின் சாரம், நேரம் முதலியவற்றோடு, விரும்பியவாறு மாற்றிப் பார்ப்பதற்கென ஓர் எண்ணும் அதில் இடம்பெறும். இத்தலைக்குறிப்பை ஹாஷ் எனப்படும் கணக்குக்கு உட்படுத்தினால் நீண்டதோர் எண் வெளிவரும். அது குறிக்கப்பட்ட எல்லையிலும் சிறியதாயிருத்தல் வேண்டும். எவ்வெண்ணை இட்டால் அது சிறியதாகும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. மாற்றி மாற்றி இட்டுப் பார்ப்பதே வழி. முதலிற் கண்டடைந்தவர் பக்கத்தை முத்திரையிட்டுப் புதிய நாணயங்களைப் பரிசாகப் பெறுவார். தொடக்கத்தில் 50 ஆக இருந்த அப்பரிசு ஏறத்தாழ நான்காண்டுக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று.

கண்டுபிடிப்பதற்குக் கோடானுகோடி முயற்சி வேண்டும். சரிபார்ப்பதற்கோ ஒரே கணக்குப் போதும். பொய்ப் பக்கம் எழுத விரும்புவோன் அவ்வளவு முயற்சியையும் தானே மீளச் செய்தாகவேண்டுமாதலின், பேரேட்டைத் திருத்த எவரும் துணியார். ஆகவே இது முற்றிலும் வீண்வேலை என்று கூறுவது நியாயமாகாது. இது ஒருவகைக் காவல் வேலை. எனினும் காவலுக்கு எவ்வளவு செலவாகிறது, அச்செலவை யார் தாங்குகிறார் என்ற கேள்விகள் எஞ்சியே நிற்கின்றன.

இனி, வலையமைப்பினுள் இவ்வேலை எங்கே நடைபெறுகிறது என்று நோக்குவோம். பேரேட்டைப் பேணும் சாதாரண கணினிகளில் அது நடைபெறுவதில்லை. அவை வந்த பக்கத்தைச் சரிபார்த்து ஏற்கும், அல்லது தள்ளும், அவ்வளவே. தொடக்க காலத்தில் மேசைக் கணினியை வைத்திருந்த எவரும் முத்திரைக்கு முயலலாம். 2010 அளவிற் படவிளையாட்டுக்கென அமைந்த சில்லுகளும், 2013 அளவில் இந்த ஒரே கணக்கைத் தவிர வேறெதுவும் செய்யவியலாத தனிப்பட்ட யந்திரங்களும் வந்தன. கைத்தறியிலிருந்து ஆலைக்குப் போன நெடும்பயணம் இங்கு ஐந்தாண்டுகளுக்குள் முடிந்துவிட்டது. இன்றைய யந்திரமொன்று ஒரு வினாடியில் நூறு இலட்சம் கோடி தடவைக்கு மேல் முயலவல்லது. தனித்து முயல்வோருக்கு வெற்றி அரிதாகையாற் பலர் குழுக்களாகச் சேர்ந்தனர். இக்குழுக்களில் ஒரு வேலைப்பிரிவு உண்டு. பக்கத்தில் எக்கணக்கை எழுதுவது, எதனை விடுவது என்பதைப் பெரும்பாலும் குழுவை நடத்துவோரின் கணினியே தீர்மானிக்கிறது. கொட்டகைகளிலுள்ள யந்திரங்கள் கொடுக்கப்பட்ட தலைக்குறிப்பை அரைத்துக்கொண்டிருக்கின்றன. எழுதும் கை ஓரிடத்தில், அரைக்கும் செக்கு வேறோரிடத்தில். 2014 ஜூனில் ஒரே குழு வலையமைப்பின் கணிப்புவலுவிற் பாதியை எட்டியபோது, அதிகாரம் பரவிக் கிடக்கும் அமைப்பு இது என்ற பேச்சு எவ்வளவு மெலிந்தது என்பது வெளிப்பட்டது.

அந்தச் செக்கு ஓடுவது மின்சாரத்தால். யந்திரமொன்றுக்கு மணிக்கு மூன்று அலகுக்கு மேற் செலவாகும். மாதம் 90 அலகுடன் காலந்தள்ளும் குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனையோ. அக்குடும்பத்தின் ஒரு மாத மின்சாரத்தை யந்திரமொன்று ஏறத்தாழ முப்பது மணி நேரத்தில் உட்கொண்டுவிடும். 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டிற் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நிலவியபோது, மெழுகுதிரி வெளிச்சத்தில் விடைத்தாள்கள் திருத்தியவன் நான். அம்மின்வெட்டுக்கும் பிட்கொயினுக்கும் தொடர்பில்லை. அதற்குக் காரணம் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமையே. ஆனால் ஓர் அலகு மின்சாரம் என்பது என்னவென்று அந்நாட்கள் எமக்குக் கற்பித்தன. இலங்கை ஆண்டொன்றில் உற்பத்தி செய்யும் மின்சாரம் ஏறத்தாழ 1600 கோடி அலகு. பிட்கொயின் வலையமைப்பு ஆண்டொன்றில் உட்கொள்வது 10,000 கோடி அலகுக்கும் மேல் என்பது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளரின் மதிப்பீடு.

இவ்வளவு மின்சாரம் எங்கே கிடைக்கிறது? மலிவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடி யந்திரங்கள் போகின்றன. அக்கேம்பிரிட்ஜ் ஆய்வாளரின் கணிப்பின்படி 2019 செப்டெம்பரில் உலகின் பிட்கொயின் கணிப்புவலுவில் ஏறத்தாழ முக்காற் பங்கு சீனாவில் இருந்தது. அங்கும் அது ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. மழைக்காலத்திற் சிச்சுவான் மாகாணத்தின் அணைக்கட்டுகளில் மின்சாரம் மிஞ்சும். யந்திரங்கள் அங்கு செல்லும். மழை ஓய்ந்ததும் லொறிகளில் ஏற்றப்பட்டு, நிலக்கரி மின்சாரம் மலிந்த சின்ஜியாங்கிற்கும் உள் மொங்கோலியாவுக்கும் திரும்பும். புல்லைத் தேடி மந்தையை ஓட்டிச் செல்லும் இடையரைப் போல, மின்சாரத்தைத் தேடி யந்திர மந்தைகள் ஓட்டப்பட்டன.

இத்தொழிலை ஆங்கிலத்திற் 'சுரங்கத் தொழில்' என்பதைக் குறிக்கும் சொல்லாலேயே வழங்குகின்றனர். அவ்வுருவகத்தின் கொடுமை 2021 ஏப்ரலிற் புலப்பட்டது. அம்மாதம் 10 ஆம் திகதி சின்ஜியாங்கின் ஹுட்டுபி மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கமொன்றில் வெள்ளம் புகுந்தது. 21 தொழிலாளர் நிலத்தினடியிற் சிக்குண்டனர். அதனைத் தொடர்ந்து பாதுகாப்புப் பரிசோதனைகள் நடைபெற்றன. அப்பிரதேசத்தில் மின்சாரம் குறைந்தது. சில நாட்களில் உலகளாவிய பிட்கொயின் கணிப்புவலு பெருமளவு வீழ்ந்தது. நாணயச் சந்தையைப் பற்றி எழுதியோர் பலர் அவ்வீழ்ச்சியைக் கோட்டுப் படத்தில் ஒரு பள்ளமாகக் கண்டனர். கரி பூசிய முகத்துடன் நிலத்தினடியில் இறங்கிய மனிதரும், குளிரூட்டிய அறையில் முதலீட்டைக் கணக்கிடுபவரும் ஒரே தொழிற்பெயரால் அழைக்கப்படும் விந்தையை எண்ணிப் பாருங்கள். முன்னவர் நின்றதாற் பின்னவரின் யந்திரம் நின்றது. உழைப்பு எங்கே நடைபெறுகிறது என்ற கேள்விக்கு இதனினுந் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களிற் சீன அரசு இத்தொழிலைத் தடைசெய்தது. யந்திரங்கள் மீண்டும் பயணமாயின. ஒரு பகுதி அயல்நாடாகிய கசக்ஸ்தானுக்குப் போயிற்று. 2021 ஆகஸ்டில் உலகக் கணிப்புவலுவில் 18 சதவீதம் அங்கிருந்தது. அந்நாட்டு மின்சாரத்திற் பெரும்பகுதி நிலக்கரியாலானது. யந்திரங்கள் ஓடுவதற்குப் போதிய மின்சாரமின்றி அவ்வாண்டின் இறுதியில் நாடு தட்டுப்பாட்டுக்குள்ளாயிற்று. 2022 ஜனவரி 2 ஆம் திகதி, வாகனங்களுக்கு ஊற்றும் திரவ வாயுவின் விலை இரட்டித்தமையை எதிர்த்து ஜானாஓசென் நகர மக்கள் வீதிக்கு வந்தனர். 2011 டிசம்பரில், வேலைநிறுத்தத்திலிருந்த எண்ணெய்த் தொழிலாளர்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்ட அதே நகரம் அது. கிளர்ச்சி நாடெங்கும் பரவிற்று. இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 5 ஆம் திகதி அரசு இணையத் தொடர்பைத் துண்டித்தபோது பிட்கொயினின் கணிப்புவலுவிற் பத்திலொரு பங்களவு மறைந்தது. எல்லைகளும் அரசுகளும் தீண்டவியலாத நாணயம் என்று புகழப்பட்டதன் உழைப்பு, ஓர் அரசின் விசையொன்றைத் தட்டியதும் நின்றது.

பெரும்பகுதி யந்திரங்கள் அமெரிக்காவுக்குச் சென்றன. டெக்சாஸ் மாநிலத்தில் ரொக்டேல் என்றொரு சிற்றூர். 1950களின் தொடக்கம் முதல் 2008 வரை அங்கு அலுமினியம் உருக்கும் பெருந்தொழிற்சாலையொன்று இயங்கிற்று. ஊரின் வாழ்வு அதனைச் சுற்றியே அமைந்திருந்தது. உருக்காலை மூடப்பட்ட பின்னர், அதற்கென இழுக்கப்பட்ட மின்கம்பிகளே எஞ்சிய செல்வமாயின. இன்று அவ்விடத்திற் பிட்கொயின் யந்திரக் கொட்டகைகள் நீண்டு கிடக்கின்றன. முன்னரும் மின்சாரம் எரிந்தது. ஆனால் மறுமுனையில் உலோகம் வெளிவந்தது, அதிலிருந்து பாத்திரமும் விமானமும் ஆயின. இப்பொழுது வெளிவருவது முத்திரையெண்ணும் வெப்பக் காற்றும் மாத்திரமே. உருக்காலைக்கு வேண்டியிருந்த தொழிலாளர் தொகையும் கொட்டகைக்கு வேண்டியதில்லை; பழுதான பலகையை மாற்றவும், விசிறியைத் துடைக்கவும், வாயிலைக் காக்கவும் சிலர் போதும்.

அங்குள்ள கொட்டகையை நடத்தும் ரயட் நிறுவனம் 2023 ஆகஸ்டுக்கு வெளியிட்ட கணக்கு என்னைத் திகைக்க வைத்தது. அம்மாதம் கடுங்கோடை, மாநிலமெங்கும் மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு. முன்கூட்டியே குறைந்த விலைக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட மின்சாரத்தை விட்டுக்கொடுத்தும், கேட்கும்போது யந்திரங்களை நிறுத்தச் சம்மதித்தும் அந்நிறுவனம் பெற்ற வரவு 3 கோடியே 17 இலட்சம் டொலர். அம்மாதம் அது அகழ்ந்தெடுத்த நாணயங்களின் பெறுமதியைப்போல் அது மூன்று மடங்குக்கும் மேல். நம்மூர்ப் பேச்சில் இதனைச் சொல்வதானால், உழைக்காமல் இருந்ததனாலேயே அவர்கள் கூடுதலாக உழைத்தார்கள். இரு பொருள்களையும் ஒன்றாய்ப் பிணைத்திருந்த அச்சொல் இவ்விடத்தில் இரண்டாகப் பிளந்துபோகிறது.

மிஞ்சிப்போகும் மின்சாரத்தைத்தானே பயன்படுத்துகிறார்கள் என்று சிலர் வாதிப்பர். சிச்சுவானின் மழைக்காலத்தைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையே. ஆனால் யந்திரத்துக்கு முதலிட்டவன் மழைக்காலம் முடிந்ததும் அதனைச் சும்மா வைத்திருக்கச் சம்மதியான். ஆகவேதான் அது நிலக்கரியை நாடிச் சென்றது. நியூயோர்க் மாநிலத்துச் செனெக்கா ஏரிக்கரையில் 2011 இல் மூடப்பட்ட நிலக்கரி மின்நிலையமொன்று, எரிவாயு நிலையமாக மாற்றப்பட்டுப் பின்னர் பிட்கொயினுக்காக ஓடத் தொடங்கியதும் இதே நியாயத்தாலேயாம். ஏரியையும் காற்றையும் பற்றி அயலவர் குரலெழுப்பினர். அம்மாநிலம் 2022 நவம்பரில், இத்தகைய நிலையங்களுக்குப் புதிய அனுமதி வழங்குவதை ஈராண்டுக்கு நிறுத்திவைக்கும் சட்டத்தை இயற்றிற்று.

இன்னொரு செய்தி மிகவும் சிந்திக்கற்பாலது. சீனா தடைவிதித்தபோது உலகின் கணிப்புவலுவிற் பாதியளவு சில வாரங்களுள் நின்றுபோயிற்று. வேறெந்தத் தொழிலிலாயினும் பாதி ஆலைகள் மூடப்பட்டாற் பொருளும் பாதியாகும். இங்கு அவ்வாறு நேரவில்லை. 2016 பக்கங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ இரு வாரங்களுக்கு ஒருமுறை, கணக்கின் கடினத்தைத் தானே சீர்செய்யும் விதி வலையமைப்பினுள் உண்டு. 2021 ஜூலை 3 ஆம் திகதி கடினம் ஏறத்தாழ 28 சதவீதம் குறைக்கப்பட்டது. சிறிது தாமதித்த பேரேடு மீண்டும் பத்து நிமிடத்துக்கொரு பக்கமாக ஓடிற்று. பின்னர் யந்திரங்கள் பெருகின, பக்கங்கள் பெருகவில்லை. ஆயிரம் பேர் மிதித்தாலும் பத்துப்பேர் மிதித்தாலும் அதே அளவு நீரை மட்டுமே தரும் துலா இது. கூடுதலாக மிதிப்பவன் நீரைக் கூட்டுவதில்லை. அயலவனின் பங்கைத் தன் பக்கம் இழுக்கிறான். காவல் வலுக்கிறது என்பது மெய்தான். ஆனால் எவ்வளவு காவல் தேவை என்பதை எவரும் ஆராய்ந்து தீர்மானிக்கவில்லை. நாணயத்தின் சந்தை விலை ஏறினாற் செலவும் ஏறுகிறது.

ஒரு பொருளிற் செலவான உழைப்புச் சமுதாயத்துக்குத் தேவையானதாயிருந்தாலன்றி அது பெறுமதியாகக் கணிக்கப்படாது என்பது மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட மூலதனம் நூலிற் காட்டிய அடிப்படை. அந்நோக்கிற் பார்த்தால் 'உழைப்புச் சான்று' என்ற பெயரே ஆராய்ச்சிக்குரியது. இங்கு உழைப்பென்று காட்டப்படுவது யந்திரத்தின் ஓட்டம். யந்திரமும் மின்சாரமும் வாங்கப் பணம் உடையவரே ஓட்டமுடியும். ஆகவே இச்சான்று உண்மையில் மூலதனத்தின் சான்று. 2022 செப்டெம்பர் 15 ஆம் திகதி எதேரியம் என்னும் மற்றொரு பெரும் நாணயம் இம்முறையை முற்றாகக் கைவிட்டு, நாணயத்தை ஈடுவைத்தவருக்கே பக்கம் எழுதும் உரிமை என்ற முறைக்கு மாறிற்று. அதன் மின்செலவில் 99 சதவீதத்துக்கும் மேல் ஒரே நாளில் அற்றுப்போயிற்று. இயற்கைக்கு அது பெரும் நன்மை. இவ்வளவு மின்சாரம் தவிர்க்கவியலாதது என்ற வாதமும் அன்றோடு தகர்ந்தது. எனினும் உடையவனுக்கே உரிமை என்ற நியதி மாறவில்லை. உழைப்பு என்ற வேடம் மட்டும் களையப்பட்டது.

பேரேட்டின் ஒவ்வொரு முத்திரையும் வேலை நடந்தது என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவும். எந்த ஊரில் நடந்தது, எந்த ஆற்றால் அல்லது எந்தக் கரியால் நடந்தது, யாருடைய கைகள் அதற்குப் பின்னால் இருந்தன என்பதை அது கூறாது. இடத்தையும் மனிதரையும் மறைத்துக்கொண்டு எண்ணை மாத்திரம் காட்டுதல் சந்தையின் பழைய வழக்கம். தேயிலைப் பெட்டியின் மேலட்டையிற் கொழுந்து பறித்தவளின் லயன் அறை இடம்பெறுவதில்லை என்பதை அறிந்த நமக்கு இது புதுமையன்று. புதுமை என்னவெனில், இடமே இல்லாததுபோல, எல்லாம் ஆகாயத்தில் நடப்பதுபோல, இளந்தலைமுறையை நம்பவைப்பதேயாம்.

கணினி அறிவை வெறுக்குமாறு நான் மாணவருக்குச் சொல்வதில்லை. அக்கணக்கின் நுட்பம் வியக்கத்தக்கது. அதனை அவர்கள் கற்கவேண்டும். ஆனால் கணிதம் கற்பிப்போரும், புவியியல் கற்பிப்போரும், தமிழ் கற்பிப்போரும் கூடி, இத்தகைய பொருள்களை உலகப்படத்தின்மேல் வைத்துக் கற்பிக்கவேண்டிய காலம் வந்துள்ளது. ஹுட்டுபி எங்கே, ஜானாஓசென் எங்கே, ரொக்டேல் எங்கே என்று மாணவர் விரல் வைத்துக் காட்டட்டும். அங்கே வேலை செய்தவர் யார், வருமானம் பெற்றவர் யார், இருளிலும் புகையிலும் இருந்தவர் யார் என்று அவர்கள் விசாரிக்கட்டும். பேரேடு எழுதாது விட்ட அந்தப் பெயர்களை எழுதிச் சேர்க்கும் வேலை நமக்குரியது.